பையைக் கட்டினவன்

பலவேசத்துக்கு நான் தரவேண்டியது அறுநூற்றெண்பது ரியால். நம் பணத்தில் ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரத்து இருநூறு ரூபாய்.

பலவேசத்தை நான் பார்த்ததில்லை. மஸ்கட்டுக்கும் போனதில்லை. மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் பெட்டி தூக்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷமாகிறது, ஒரு தரம்கூட விமானத்துக்குள் உட்கார்ந்ததில்லை. ஆனாலும் கடன் என்னுடையதுதான். வாங்கின நாள் எனக்கு நினைவில் இல்லை. அதை மறைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது.

எங்கள் வேலையைத் தெரியாதவர்களுக்கு இது பைத்தியக்காரன் பேச்சு மாதிரி இருக்கும். என் பெண்சாதி தேசம்மாவுக்கே அப்படித்தான் இருந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் கேட்டாள்.

"அவங்கவங்க பெட்டிய அவங்கவங்களே எடுத்துனு போனா இன்னா கேடு?"

"முன்னெல்லாம் அப்படித்தான். வெளிநாட்லருந்து வரவங்க இங்க இறங்கி, பெல்ட்டாண்ட நின்னு பெட்டிய எடுத்து, கஸ்டம்ஸ்ல காட்டி, திரும்பவும் லைன்ல நின்னு உள்ளூர் பிளைட்டுக்குப் போடணும். அதுக்குள்ள அந்த பிளைட்டு போயிடும்."

"சரி, நீயே தூக்கிக் குடுத்துடு. தலையில இன்னாத்துக்கு ஒட்டிக்கிற?"

"பெட்டிய கட்டுனவங்கதான் அதிகாரிகிட்ட பதில் சொல்லணும். சட்டம் அப்படி. அவரு மேல உட்கார்ந்து காபி குடிப்பாரு. அவருக்குப் பதிலா நான் போயி, நான்தான் கட்டுனேன்னு சொல்லணும். பொய்யா சொன்னா மெஷின் கண்டுபிடிச்சிடும். அதனால நெஜமாவே நான் கட்டுன மாதிரி ஆக்கிடுறாங்க."

தேசம்மா அரிசி களைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எவ்ளோ சேத்துக் குடுக்கிறான்?"

"பெட்டிக்கு நாப்பது ரூபா."

அவள் மறுபடியும் அரிசியைக் களைய ஆரம்பித்தாள். நாங்கள் அப்போது பொழிச்சலூரில் மூன்று மாத வாடகை பாக்கி வைத்திருந்தோம்.

பெட்டி கட்டுகிறவர் நெற்றியில் ஒரு பட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும். ஜிப்பைத் திறந்ததிலிருந்து மூடுகிற வரைக்கும் அவர் கை செய்தது, கண் பார்த்தது, மனசில் ஓடியது எல்லாம் பெட்டியின் டேக்கில் ஏறிவிடும். நாங்கள் அந்த டேக்கைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வோம். மெஷின் முன்னால் நிற்கிற ஐந்து நிமிஷத்துக்கு அந்தப் பெட்டியைக் கட்டினது நாம்தான். எங்களைப் பதில் ஆள் என்பார்கள். பதில் ஆள் எப்போதும் 'நான்' என்றுதான் பேசவேண்டும். 'அவர் வைத்தார்' என்று வாய் தவறினால் மெஷின் சிவப்பு விளக்கு போடும், பெட்டி நின்றுவிடும், அன்றைய கூலியில் பிடிப்பார்கள். நான் வேலை கற்றுக்கொண்டது முழுக்க அந்த ஒரு வார்த்தையைத்தான்.

பெட்டி போனதும் கழுவுகிற ரூமுக்குப் போகவேண்டும். அங்கே ஒரு தொப்பி இருக்கிறது, ஈரத் துண்டு சுற்றின மாதிரி குளிர்ச்சியாக இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் கழுவினால் எல்லாம் போய்விடும். யாருடைய சேலை, யாருடைய பால்பவுடர், மனசில் யாரைத் திட்டிக்கொண்டே மடித்தார்கள், ஒன்றும் மிஞ்சாது.

போன வருஷம் டிசம்பரில் மூன்று நாள் மழை. அடையாற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. விமானங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து இறங்கின. அன்றைக்குக் காலையில் ஆறு மணிக்கு ஷிப்ட் ஏறினேன், பகல் ஒரு மணிக்குள் முப்பத்தோரு பெட்டிக்குப் பதில் சொல்லியிருந்தேன். முப்பத்திரண்டாவதாக வந்தது நீல நிறத்தில் ஒரு துணிப்பை. மஸ்கட்டிலிருந்து தூத்துக்குடிக்கு. கூட பயணி இல்லை. செத்தவர் சாமான் என்று டேக்கில் போட்டிருந்தது. உடல் பத்து நாளைக்கு முன்பே போயிருந்தது, பை பின்னால் வந்தது.

டேக்கை ஒட்டினேன்.

கஸ்டம்ஸ் அதிகாரி ஒரு அம்மா. சளைத்துப்போயிருந்தார்.

"பையைக் கட்டினது யாரு?"

"நான்தான். ஜெயசிங்."

"உள்ள என்ன இருக்கு?"

"சட்டை ஏழு. பேண்ட் நாலு, ஒண்ணுல சிமெண்டுக் கறை, தொவைச்சும் போகல. ஷேவிங் செட்டு. பாதி தீர்ந்த தேங்காண்ணெ பாட்டிலு, மூடியில பாலித்தீன் சுத்திக் கட்டிருக்கேன். பேட்டரி போட்டா ஓடுத ரயிலு ஒண்ணு, பிரிக்காதது. ஒரு நோட்டு."

பேசுவது என் குரல். பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு இல்லை.

"தங்கம், வேற யாராவது கொடுத்தனுப்பின பொருள்?"

"ஒண்ணும் கெடையாது. எல்லாம் அண்ணனோடதுதான்."

அப்போது எனக்கு இருமல் வந்தது. தொண்டையில் ஒன்றுமில்லை. பை கட்டின அன்றைக்கு ஜெயசிங், பலவேசத்தோடு ஒரே கேம்ப்பில் இருந்தவன், அப்படித்தான் இருமினான். ஒரு நீளமான கொட்டகை, இரண்டடுக்குக் கட்டில்கள். வாசலில் கேம்ப் மேஸ்திரி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜெயசிங் அந்த நோட்டைப் பிரிக்கிறான். கடைசிப் பக்கத்தில் செத்துப்போன பலவேசத்தின் கையெழுத்து. ஜெயசிங், 680 ரியால், அம்மா ஆபரேசன். வேறு ஒன்றுமில்லை. இருமிக்கொண்டே அந்தப் பக்கத்தைக் கிழிக்கிறான், கிழிக்கிற சத்தம் கேட்கக்கூடாது என்று. நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொள்கிறான். நோட்டைச் சட்டைகளுக்கு நடுவே வைக்கிறான். மைனிக்கு, பலவேசம் பெண்சாதிக்கு, இது தெரியாது, தெரியவே தெரியாது என்று மனசுக்குள் மூன்று தரம் சொல்லிக்கொள்கிறான். ஜிப்பை மூடுகிறான்.

எழுத்துக் கூட்டிப் படிக்க நான் கற்றதே நாற்பது வயதுக்கு மேல், யூனியன் ஆபீஸில் நடந்த சாயங்கால வகுப்பில். இன்றைக்கும் பஸ் போர்டை இரண்டு தரம் பார்த்தால்தான் எனக்குப் புரியும். அந்தப் பக்கம் மட்டும் ஒரே பார்வையில் உள்ளே போய்விட்டது.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார் அதிகாரி. அது வழக்கமாக எல்லோரிடமும் கேட்கிற கேள்வி.

பையில் இருப்பதை மட்டும்தான் அவர்கள் கேட்பார்கள். பையில் இல்லாததை யாரும் கேட்பதில்லை.

"இல்ல மேடம்" என்றேன். பச்சை விளக்கு எரிந்தது.

உள்நாட்டுப் பக்கம் பையைத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கேயும் ஒரு மெஷின், அங்கேயும் ஒரு பதில் ஆள். அன்றைக்கு எஸ்தர் நின்றிருந்தாள். கவுல்பஜார்க்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் நீளம். டேக்கைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன்.

"செத்தவங்க சாமானா? இதுக்கு எக்ஸ்ட்ரா கேட்டா குடுக்க மாட்டான் கஞ்சப்பய" என்று சொல்லிக்கொண்டே காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள்.

கழுவுகிற ரூமில் அன்றைக்குக் கரண்ட் இல்லை. தரைக்குள் தண்ணீர் வந்து தொப்பிகளின் ஒயர்கள் நனைந்திருந்தன. நாளைக்குக் கழுவிக்கலாம், பெட்டிகள் காத்திருக்கின்றன என்று எங்கள் கான்டிராக்ட் சூப்பர்வைசர் எல்லோரையும் திருப்பி அனுப்பினார். மறுநாளும் ரூம் திறக்கவில்லை. நாலாம் நாள்தான் திறந்தது. அன்றைக்குக் கழுவினதில் மற்ற பெட்டிகள் எல்லாம் போய்விட்டன. நீலப்பை மட்டும் போகவில்லை, மனசில் மறைத்தது சீக்கிரம் ஊறிவிடுமாம்.

முதலில் அது தொந்தரவாக இல்லை. சம்பளம் வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. பணத்தைக் கையில் வாங்கினதும் சட்டென்று இடுப்பில் செருகிக்கொண்டேன். சுற்றிலும் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன். வீட்டுக்கு வந்து தேசம்மாவிடம் கொடுக்கிறபோது, "இந்தாங்க மைனி" என்றேன்.

"இன்னா?"

"ஒண்ணுமில்ல."

அப்புறம் நாளாக நாளாக அது கெட்டியானது. இருமல் வந்தால் கை இடுப்புக்குப் போகும். சின்னப் பிள்ளைகள் ரயில் பொம்மை ஓட்டுவதைப் பார்த்தால் அந்தத் தெருவில் நிற்க முடியாது. கடன்காரனுக்கு இருக்கிற எல்லாமும் எனக்கு இருந்தது, கடன் வாங்கி அனுபவித்ததைத் தவிர.

கழுவுகிற ரூமைப் பார்த்துக்கொள்கிற ரகுநாதனிடம் போனேன். நல்ல மனுஷர். கதவைச் சாத்தி, என் யூனிபார்ம் சட்டையை வெளியே மாட்டச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"எத்தனை நாள் ஆச்சு கஜபதி?"

"ரெண்டரை மாசம்."

"ஊறிப்போயிருக்கும்யா. இப்ப எடுத்தா அது மட்டும் வராது. பக்கத்துல என்னென்ன ஒட்டியிருக்கோ அதையும் பிச்சுக்கிட்டு வரும்."

"பக்கத்துல இன்னா ஒட்டியிருக்கு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? டோமினிக்கப் பாத்தேல்ல."

டோமினிக்குக்கு எட்டு நாள் கழித்துக் கழுவினார்கள். அடுத்தவர் பெட்டி போனது. கூடவே அவன் அம்மா இறந்ததும் போய்விட்டது. வாரத்துக்கு ஒரு தரம் வீட்டில் அம்மா எங்கே என்று கேட்கிறான். ஒவ்வொரு தரமும் புதிதாகச் சொல்லவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தரமும் புதிதாக அழுகிறான்.

"வேற வழி?"

"வெளிய சொன்னா வேலை போயிடும், கேஸும் போடுவாங்க. கையெழுத்துப் போட்டிருக்க. உனக்குள்ளயே வச்சுக்க." கதவுப் பக்கம் போனவர் திரும்பினார். "அவ்வளவு கெட்டதா?"

"கெட்டது இல்ல சார். கடன்."

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

டீக்கடையில் ஒரு நாள் எஸ்தரிடம் பொதுவாகக் கேட்டேன். பெட்டியைப் பற்றிப் பதில் ஆட்கள் தங்களுக்குள்ளேகூடப் பேசக்கூடாது. எங்கள் யூனிபார்ம் சட்டையிலேயே காது இருக்கிறது, பேசினால் கம்பெனிக்குக் கேட்கும்.

"அடுத்தவன் பாரம் ஒண்ணு தலையிலயே நின்னுட்டா இன்னா பண்ணுவ எஸ்தரு?"

"நின்னா நின்னுட்டுப் போவுது. அதுக்குத் தனியா வாடகையா குடுக்கிறான்?" டீயை ஊதினாள். "நீ ஏண்ணா மூஞ்சிய இப்படி வச்சினுகீற? வேலைக்கு வந்தமா, தூக்குனமான்னு இரு. எல்லாத்தையும் நம்மளுதுன்னு நெனச்சா பைத்தியம் புடிச்சிடும்."

டீக் காசை அவளே கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

என் மகள் வெண்ணிலாவுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. அதற்காகத் தேசம்மா ஐந்து வருஷம் போட்ட ஏலச்சீட்டு ஆடி மாதம் கைக்கு வந்தது. ஒன்றரை லட்சம். பீஸ் கட்ட ஒன்பது நாள் இருந்தது. பணத்தைப் பார்த்த நேரத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரத்து இருநூறு அதற்குள்ளே அடங்கும் என்று ஜெயசிங்கின் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. என் மனசா அவன் மனசா, எனக்குத் தெரியவில்லை.

தேசம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையைக் கழற்றி வெளியே கொடியில் போட்டுவிட்டு வந்து சொன்னேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ திருடுனியா?"

"இல்ல."

"அப்ப?"

"திருடுன மாதிரியே இருக்குது."

"உம் பொண்ணு பணத்த எடுத்துக் குடுத்தா, அது திருடு இல்லியா?"

"இதுவும் திருடுதான்."

"அந்த அம்மாவுக்குத் தெரியவே தெரியாதுன்றியே. தெரியாத கடனுக்கு இன்னாத்துக்கு எங்க வயித்துல அடிக்கிற?"

"தெரியாதுன்றதுதான் தேசம் என்னிய தின்னுது."

அவள் பணத்தை எடுத்துப் பாயின்மேல் வைத்தாள். "எனக்குப் புருஷன் வேணும். கழுவப் போயி நீ என்னியும் மறந்துட்டு வந்தா நான் இன்னா பண்ணுவேன். போ. ஆனா வெண்ணிலாகிட்ட நீயே சொல்லு."

வெண்ணிலாவிடம் சொன்னேன். அவள் காலேஜ் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்தாள். எனக்கு மகளாகப் பிறந்து அவள் பட்டதில் இதுதான் பெரியது. அதை எந்தத் தொப்பியும் என்னிடமிருந்து கழுவக்கூடாது.

ரயிலில் தூத்துக்குடி போய், திருச்செந்தூர் பஸ் ஏறி, குரும்பூரில் இறங்கினேன். டேக்கில் இருந்த விலாசம் எனக்கு மனப்பாடம். வெயில் ஏறி மணி பதினொன்று இருக்கும். சிமெண்ட் பூசாத புது வீடு. வாசலில் மணல் குவித்தபடியே கிடந்தது, வீடு கட்டுகிற வேலை பாதியில் நின்றுபோயிருந்தது. ஒரு பெண் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். அவர்தான் பலவேசத்தின் மனைவி பிரம்மசக்தி. நான் அதுவரை பார்த்ததில்லை. பார்த்ததும் கால் பின்னால் போனது.

"யாரு?"

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தரம் ஒருவர் முன்னால் என் பெயரைச் சொல்லத் தெரியாமல் நின்றேன். வாய் பழகினதைச் சொல்லியது.

"நான்தான் மைனி. ஜெயசிங்."

அந்த அம்மா துணியை மார்போடு அணைத்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆச்சரியமோ கோபமோ இல்லை. ஒரு பெருமூச்சு விட்டார்.

"உள்ள வாங்க அண்ணாச்சி. வெயில்ல நிக்காதிய."

உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் பையைத் திறந்து பணத்தை எடுத்து வைத்தேன். என்ன பணம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அறுநூத்தி எம்பது ரியாலு" என்றார் அவர். "தெரியும்."

"எப்படி மைனி?"

"நீங்க மூணாவது ஜெயசிங்."

எனக்கு விளங்கவில்லை.

"மொதல்ல மஸ்கட்லருந்து ஒரு நேபாளத்துக்காரரு. அங்கன ஏர்போர்ட்ல சாமான் ஏத்துதவருன்னு பணம் வந்த சீட்டுல இருக்கு. மாசம் பத்து ரியால் அனுப்புதாரு, ஏழு மாசமா. கூட போன்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். இந்தில பேசுவாரு. பக்கத்து வீட்டுல மிலிட்டிரில இருந்தவரக் கூட்டியாந்து கேட்டேன். 'நான் ஜெயசிங், மன்னிச்சிருங்க, மிச்சத்த மெதுவா தாரேன்'னு சொல்லுதாராம். நாங்கூட நம்ம ஜெயசிங்குக்கு எப்படா இந்தி இவ்வளவு வந்துதுன்னு நெனச்சேன்."

"ரெண்டாவது?"

"ஒரு பொம்பள. மெட்ராஸ்தான், எஸ்தர்னு பேரு. பங்குனில வந்துச்சு. நாப்பதாயிரமும் ஒரு சோடி கம்மலும் கொண்டாந்து வச்சுட்டு, நான்தான் ஜெயசிங்னு அழுதுச்சு. அதுதான் இந்த டேக்கு வெவரமெல்லாம் எனக்குச் சொன்னது. வெளிய சொன்னா வேல போயிரும், யாருக்கும் சொல்லிராதீங்க அக்கான்னுச்சு. நீங்களும் அதே எடந்தானே, ஒங்கள்ட்ட சொல்லலாம்."

டீக்கடையில் டீயை ஊதின முகம் நினைவுக்கு வந்தது. நாங்கள் டீ குடித்த அன்றைக்குச் சித்திரை முடிந்திருந்தது. அவள் அதற்கு முன்பே இங்கே வந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"நெசமான ஜெயசிங்?"

"வரல. போன்நம்பர மாத்திட்டான். கேம்ப்பையும் மாத்திட்டான்னு சொல்லுதாவ. பயந்துட்டான் போல." கொடியிலிருந்து எடுத்த துணியில் ஒன்றை மடித்தார். "அவுக சாவுறதுக்கு ரெண்டு நாள் முந்தி போன்ல சொன்னாவ. 'ஏய், ஜெயசிங் அம்மா போயிட்டு. ஆபரேசன் செஞ்சும் நிக்கல. செத்துப்போனவளுக்குச் செலவழிச்ச காச நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன்ட்ட கேக்க? வேண்டான்னு சொல்லிருதேன். வெள்ளிக்கெழம லீவுல ஒக்காந்து சொல்லணும்'னாவ. வியாழக்கெழம கட்டடத்துச் சாரம் சரிஞ்சு விழுந்துட்டு, அவுகளும் போயிட்டாவ."

வெளியே ஒரு லாரி போனது. என் டம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றினார்.

அப்படியானால் அந்தப் பக்கத்தைக் கிழித்த அன்றைக்குக் கடன் இல்லை. கடன் இல்லாததை இருமி மறைத்திருக்கிறான். அதை நாங்கள் மூன்று பேர் ஊர் ஊராகச் சுமந்திருக்கிறோம். டேக்கில் ஜிப் மூடினதோடு எல்லாம் நின்றுவிடுகிறது. அதற்கு முன்னால் பலவேசம் என்ன சொன்னார், பின்னால் யார் மன்னித்தார், அது எதுவும் எங்களுக்கு வந்து சேருவதில்லை.

"நேபாளத்துக்காரருக்குச் சொல்லலியா?"

"எப்படிச் சொல்ல? பணம் அனுப்புத கடையிலருந்து வருது. அதுக்குத் திருப்பிப் பேசினா போவாது, அவரு நம்பரும் இல்ல. எழுவது ரியாலயும் தனியா வச்சிருக்கேன், அது அவரு பிள்ளைக காசு." என் பணத்தை என் பக்கம் தள்ளினார். "அந்த எஸ்தர் பிள்ளைட்டயும் வாங்கல. ஒங்களுக்குப் பிள்ளைக இருக்கா?"

"ஒரு பொண்ணு. நர்சிங் சேரணும். இது அதோட பீஸ்."

"எப்ப கட்டணும்?"

"இன்னும் நாலு நாளு கீது."

"அப்ப எடுத்து உள்ள வைங்க மொதல்ல."

எடுத்து உள்ளே வைத்தேன். ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. தெரிந்துகொண்டது ஒரு இடத்தில் இருந்தது, கடன் வேறொரு இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

"மைனி, எனக்கு ஒரு ஒதவி பண்ணணும். அத என்கிட்ட சொல்லணும்."

"எத?"

"அண்ணன் அவன்கிட்ட சொல்ல இருந்தத."

"ஒங்கள்ட்ட சொன்னா அவனுக்குப் போயிச் சேருமா?"

"சேராது. எனக்குச் சேரும்."

அந்த அம்மா தண்ணீர் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். எஸ்தருக்கும் இப்படிச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வீட்டுக்கு வழக்கமாக வருகிறவனிடம் பேசுகிற மாதிரி பேசினார். என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார், என்னிடம் பேசவில்லை.

"ஏலே ஜெயசிங்கு. ஒங்க அண்ணன் சொல்லச் சொன்னாவ. அந்த அறுநூத்தி எம்பது ரியால நீ தர வேண்டாம். ஒங்க அம்மைக்குக் குடுத்ததா நெனச்சுக்கிட்டாவ. நானும் கேக்க மாட்டேன், எம் பிள்ளையும் கேக்க மாட்டான். கண்ட எடத்துல ஓடி ஒளியாத. அண்ணனோட சட்டைய மடிச்சு அனுப்புனியே, அது போதும்."

"சரி மைனி" என்றேன்.

சொன்னதும் தொண்டையிலிருந்து ஒரு இருமல் வந்தது. கை இடுப்புக்குப் போகவில்லை, மடியிலேயே கிடந்தது. பசிக்கிறது என்று தெரிந்தது.

"இப்பச் சொல்லுங்க. ஒங்க பேரு என்ன அண்ணாச்சி?"

"கஜபதி."

"சாப்பிட்டுப் போங்க."

மீன்குழம்பு ஊற்றினார். சாப்பிட்டேன். மூன்று மணி பஸ்ஸுக்கு அவர் மகன் ரோடு வரைக்கும் கூட வந்தான்.

என் கடன் அன்றைக்குத் தீர்ந்தது. எஸ்தர் கடன் பங்குனியிலேயே தீர்ந்திருக்கும். நேபாளத்துக்காரர் இந்த மாதமும் பத்து ரியால் அனுப்பியிருப்பார். மஸ்கட்டில் எங்கேயோ ஒரு கேம்ப்பில் இருக்கிற ஜெயசிங்குக்கு, தர வேண்டியது ஒன்றுமில்லை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.